பின் இருக்கைக்குக் கீழே ஒரு கோடு

கதிர்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் பாதியிலேயே மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாய். உன் வழக்கம் எனக்குத் தெரியும். இதன் பிரதி ஒன்றை உன் அம்மாவிடமும் இன்னொன்றை உன் பாலு மாமாவிடமும் கொடுக்கிறேன். உன் திருமணத்துக்குப் பிறகு உன் மனைவியாக மாலதியும் படிக்கட்டும். நீயும் அம்மாவும் மாமாவும் சேர்ந்து என் ஒருவனிடமிருந்து பதினெட்டு ஆண்டுகள் மறைத்த செய்தியைப் பற்றி நான் எழுதுவது மூடிய உறைக்குள் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

கார் இரண்டாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது.

சென்ற சனிக்கிழமை பிற்பகலில் தெரிந்தது. இன்று வியாழன். இந்த ஐந்து நாட்களில் நான் அலுவலகம் போனேன், லோரிகளையும் பேருந்துகளையும் சோதித்தேன், படிவங்களில் கையெழுத்திட்டேன். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் இரண்டு முறை குனிந்து பார்த்தேன். ஐம்பது வயதில், இருபத்தாறு ஆண்டு வாகனச் சோதனைப் பணிக்குப் பிறகு, என் கண்களையே நான் நம்பாமல் போனது இதுதான் முதல் முறை.

உனக்குத் தெரிந்ததையே ஒருமுறை வரிசைப்படி சொல்கிறேன். வரிசை இல்லாமல் எனக்கு எதையும் சொல்லத் தெரியாது. அந்தக் காரை நான் அறுபத்தெட்டாம் ஆண்டில், தாய்நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்ட மேலாளரிடம் காப்பாரில் வாங்கினேன். இரண்டு கதவு, தந்த நிறம், சட்டகமும் உடலும் ஒரே துண்டாக அமைந்த வண்டி. என் பணிக்காலம் முழுவதிலும் அதே மாடலில் வேறு ஒன்றை மட்டுமே பார்த்திருக்கிறேன். உன் அம்மா அதற்கு ‘வெள்ளைக்காரி’ என்று பெயர் வைத்தாள். அவள் முகத்தைப் பார்ப்பதைவிட அதன் முகத்தைத்தான் நான் அதிகம் துடைக்கிறேன் என்பது அவளுடைய புகார். தயாரிப்பாளரின் கையேட்டில் என்ன எண்ணெய் எழுதியிருந்ததோ அதே எண்ணெய், என்ன திருகு எழுதியிருந்ததோ அதே திருகு. கிடைக்காததை இங்கிலாந்துக்கு எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து வரவழைத்தேன். ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அதில் ஒரு நேர்மை இருப்பதாக நம்பினேன்.

போன தீபாவளிக்கு நீ என் எதிரில் நின்று, “அப்பா, கீழ்ப் பாகம் முழுசையும் மாத்திடலாம். புதுத் தரை, புது பிரேம், முன்னாடி டிஸ்க் பிரேக். ஜப்பான் என்ஜின் ஒண்ணு ஹாஃப் கட்ல பார்த்து வச்சிருக்கேன்” என்றாய். ஜப்பானில் பாதியாக வெட்டி இங்கே அனுப்பும் பழைய வண்டியின் என்ஜினை என் காருக்குள் வைக்க வேண்டும் என்று என் மகனே சொன்னபோது என் வாயிலிருந்து வந்த சொற்களை நான் மறக்கவில்லை. “உன் கையில் கொடுத்தால் அது கார் இல்லை, பிணம்” என்றேன். தொழிற்சாலையில் வெல்டிங் கற்றவனுக்கு எதைப் பார்த்தாலும் வெட்டத்தான் தோன்றும் என்றேன். விருந்தினர் முன்னால் சொன்னேன். நீ கோபப்படவில்லை. “நீங்க நினைக்கிற கார் இது இல்லப்பா” என்று மட்டும் சொன்னாய். அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். மறு வாரமே நீ ஷா ஆலத்தில் அறை எடுத்துப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நம் பேச்செல்லாம் அம்மா வழியாகத்தான்.

உன் திருமணத்தன்று பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலிலிருந்து கிள்ளான் மண்டபம் வரை உன்னையும் மாலதியையும் அந்தக் காரில் நானே ஓட்டிச் செல்ல வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதன் வேறு எப்படிக் கேட்பான்? வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி, கிள்ளானில் தகரம் தட்டும் ரெங்கசாமியின் பட்டறையில் விட்டேன். அவரை உனக்குத் தெரியும். அவர் சோதனைக்குக் கொண்டுவந்த வண்டிகளில் பாதியையாவது நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சனிக்கிழமை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. “சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க.” என்ன விஷயம் என்று கேட்டேன். “போன்ல சொல்ற விஷயம் இல்ல சார்.”

பெயின்ட் முழுவதும் சுரண்டப்பட்டு, இருக்கைகளும் என்ஜினும் கழற்றப்பட்டு, வண்டி நான்கு முட்டுகளின் மேல் நின்றது. ரெங்கசாமி கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

“இந்தக் கார் யார்கிட்ட வாங்கினீங்க சார்?”

“ஒரு தோட்டத் துரையிடம். ஏன்?”

“துரை ரெண்டு காரா வித்தாரு?”

“என்ன பேச்சு இது?”

“கோவிச்சுக்காதீங்க சார். கீழ வந்து பாருங்க.”

படுத்து, விளக்கைப் பிடித்து, உள்ளே நகர்ந்தேன். முன் இருக்கைக்குச் சற்றுப் பின்னால், பின் இருக்கையில் உட்காருபவரின் கால்கள் இருக்கும் இடத்தில், இடமிருந்து வலமாக ஒரு கோடு. விரல் அகலம். உருகிய இரும்பு கட்டி கட்டியாக உறைந்த, அவசரத்தில் போட்ட வெல்டிங் கோடு. கோட்டுக்கு முன்னால் தந்த நிறத்தின் மிச்சம். கோட்டுக்குப் பின்னால் பச்சை.

கதிர், அந்தப் பச்சையை எனக்குத் தெரியும். இந்த மாடலில் வேறு ஒரே ஒரு வண்டியைப் பார்த்ததாகச் சொன்னேன் அல்லவா? அது கிள்ளானில் ஒரு ரப்பர் வியாபாரியின் வண்டி. எழுபத்து மூன்றில் சோதனைக்கு வந்தது. இடது பின்சக்கரத்துக்கு மேலே திருப்புளியால் குத்தினேன். தகரம் பிஸ்கட் போல உடைந்து உள்ளே போனது. ‘தரை துருப்பிடித்தது, சாலைக்கு ஏற்றதல்ல’ என்று என் கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தத் துளை இருந்த இடத்தில் இப்போது சதுரமாக ஒரு தகரத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. அதன் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். சாலைக்கு ஏற்றதல்ல என்று நானே விலக்கிய வண்டியின் பின்பாதியில்தான் என் மனைவியையும் மகனையும் உட்காரவைத்துப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கும் காஜாங்கின் சாத்தே இறைச்சிக் கடைகளுக்கும் பதினெட்டு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். மழையில் ஓட்டியிருக்கிறேன். லோரிகளை முந்தியிருக்கிறேன்.

வெளியே வந்தேன். ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தேன். ரெங்கசாமி தண்ணீர் கொடுத்தார். அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

“சிரிக்கக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன் சார், முடியல லா. கட் அண்ட் ஜாயின், வெட்டி ஒட்டின வண்டின்னு எங்க வண்டியெல்லாம் திருப்பி அனுப்பினீங்க. கடைசியில உங்க வீட்டுலயே ஒண்ணு.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “சரி சார், இன்னும் ஒண்ணு இருக்கு. அதையும் பாத்துடுங்க.”

மறுபடியும் அடியில் நுழைந்தேன். கோட்டின் குறுக்கே, முன்னிருந்து பின்னாக, இரண்டு பெட்டி வடிவ எஃகு விட்டங்கள் வெல்டிங் செய்யப்பட்டிருந்தன. தார்ப்பூச்சுக்கு அடியில் அவை இத்தனை நாள் மறைந்திருந்தன. ஒவ்வொரு முனையிலும் சுமை பரவும்படி தகடு. வெல்டிங், சீராக அடுக்கிய நாணயங்கள் போல ஒரே அளவில் ஓடியது.

“இது வேற கை சார். அந்தக் கோடு போட்டவன் கசாப்புக்காரன். இது தொழில் தெரிஞ்ச ஆளு. நாலு வருஷம்கூட ஆயிருக்காது. இது இல்லேன்னா உங்க வண்டி என்னைக்கோ நடு ரோட்டுல ரெண்டாப் போயிருக்கும்.”

நான்கு ஆண்டுகள். கணக்குப் போட எனக்கு வெகு நேரம் ஆகவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், சைலன்சர் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி நீ காரை இரண்டு நாட்கள் கொண்டுபோனாய். திரும்பி வந்ததும் நான் சுற்றிப் பார்த்து, புதுச் சைலன்சரின் மேல் ஒரு சொட்டுத் தார் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தேன். வேலையில் சுத்தம் இல்லை என்று அரை மணி நேரம் உன்னைக் கண்டித்தேன். நீ துணியை எடுத்து அந்தச் சொட்டைத் துடைத்தாய்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது ரெங்கசாமி அறுப்பு இயந்திரத்தைக் கையில் எடுத்தார். “ஒரிஜினல் வேணும்னு சொன்னீங்க. அப்போ இந்த ரெண்டையும் வெட்டி எடுக்கணும். கம்பெனி இதெல்லாம் வைக்கல. வெட்டவா?”

“தொடாதே!” என்று கத்தினேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது. நான் பொது இடத்தில் குரல் உயர்த்தியதை நீ பார்த்திருக்க மாட்டாய்.

பேருந்தில் வீடு வந்தேன். உன் அம்மா மேசையில் திருமண அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றா உங்க வெள்ளைக்காரி?” என்று தலை நிமிராமல் கேட்டாள்.

“அவளுடைய பின்பாதி பச்சை” என்றேன்.

பேனா நின்றது. “யாரு சொன்னா? கதிரா?” என்றாள். அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

பிறகு அவள் சொன்னதை நீ என்னைவிட நன்றாக அறிவாய். எழுபத்து நான்கில் அரசாங்கம் என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு இங்கிலாந்து அனுப்பியிருந்தது. பாலு மாமா காரை எடுத்துக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளையான உன்னை முன்னால் உட்காரவைத்து, நண்பர்களிடம் காட்டக் கிள்ளானுக்குப் போனார். ஒரு சாலைச் சந்திப்பில் நின்றபோது பின்னால் வந்த லோரி இடித்தது. பின்பாதி நசுங்கியது. உன் நெற்றி முன்பலகையில் மோதியது. அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டுப் படியில் விழுந்தாய் என்று உன் அம்மா எனக்கு எழுதினாள். உன் புருவத்தில் இருக்கும் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படியைக் குறை சொல்லி, அதிகாரியிடம் மனுக்கூடக் கொடுத்திருக்கிறேன். மாமா பழைய இரும்புக் கிடங்கில் அதே மாடலைத் தேடினார். எங்கேயும் கிடைக்காத வண்டி ஒன்று அங்கே கிடந்தது. அது ஏன் அங்கே கிடந்தது என்பது அவருக்குத் தெரியாது. அதன் பின்பாதியை நம் காரின் முன்பாதியோடு ஒட்டவைத்து, தந்த நிறம் பூசிக் கொண்டுவந்துவிட்டார்.

“பாலு கையைப் புடிச்சுக்கிட்டு அழுதான். அத்தான் வந்தா என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவாரு அக்கான்னு.”

“நான் அப்படிச் செய்திருப்பேனா?”

உன் அம்மா என்னை நேராகப் பார்த்தாள். “செஞ்சிருக்க மாட்டீங்களா?”

செய்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

இதைவிட வெட்கமான ஒன்றை எழுதுகிறேன். இங்கிலாந்தில் எனக்குக் கற்பித்த பாடங்களில் ஒன்று, வெட்டி ஒட்டிய வண்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது. சிறு சுத்தியால் தட்டி ஒலியைக் கேட்க வேண்டும். வந்த மறுநாளே உங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, நம் காரின் கதவைத் தட்டிக் காட்டி, “கேட்டீர்களா, ஒட்டு இல்லாத உலோகத்தின் ஒலி இது” என்றேன். பின்பக்கம் போவதற்குள் உன் அம்மா தேத்தண்ணி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். மழைத் தண்ணீர் படாமலிருக்க அடியில் தார் பூசிவைத்திருக்கிறேன் அத்தான் என்றார் மாமா. பொறுப்பானவன் என்று அவரை நான் பாராட்டினேன். அதன் பிறகு ஆண்டுதோறும் காரின் எண்ணைச் சரிபார்த்தேன். எண் முன்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எண் சரியாக இருந்தது. எண் சரியாக இருந்தால் வண்டி சரி என்று இருந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் காரில் உன் அம்மா ஒருநாளும் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இரண்டு கதவு வண்டி. முன் இருக்கையை மடித்து, சேலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பின்னால் போய்த்தான் உட்காருவாள். டிரைவர் மாதிரி இருக்கிறீர்கள் என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்தார்கள். எனக்கு வருத்தம் இருந்தது. வெள்ளைக்காரிமேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

“பிள்ளைங்க பின்னாலதான் உட்காரணும்னு சட்டம் போட்டது நீங்கதானே. அந்த ஒட்டு மேல அவனைத் தனியா விடுவேனா?”

“அவன் வளர்ந்து தனியாக மோட்டார் சைக்கிளில் போன பிறகும் பின்னால்தானே உட்கார்ந்தாய்?”

“திடீர்னு முன்னாடி வந்தா, ஏன் வந்தேன்னு கேப்பீங்க. உங்ககிட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா ஒன்பது கேள்வி வரும்.” சிரித்தாள். பிறகு அழுதாள். நான் அவளுடைய பேனாவை எடுத்து மூடிவைத்தேன்.

கதிர், உன்மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நீயே நம்ப மாட்டாய். ஏழு வயதில், அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நீ காத்தது சரி. வெல்டிங் கற்று, அந்தக் கோடு எவ்வளவு ஆபத்தானது என்று புரிந்த பிறகும் காத்தது தவறு. என்னிடம் சொல்லி, என் கோபத்தை வாங்கிக்கொண்டு, காரைச் சாலையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். நீ அப்படிச் செய்யவில்லை. என்னிடம் உண்மையைச் சொல்வதைவிட, அனுமதி இல்லாமல் ஒரு வண்டியின் அமைப்பை மாற்றுவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் குற்றவாளி யார் என்று எனக்குப் புரிகிறது.

அடுத்த மாதம் உனக்கென்று ஒரு வீடு அமையப் போகிறது. அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. இருப்பதை வைத்துச் சொல்கிறேன். விதிகள் வேண்டும். விதி இல்லாத சாலையில் யார் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மாலதி காரை எங்காவது இடித்துவிட்டு வந்தால், அவள் முதலில் உன்னிடம் வர வேண்டும், தன் தம்பியிடம் போகக் கூடாது. அவள் எங்கே உட்காருகிறாள் என்று பார். வழக்கத்துக்கு மாறாக இருந்தால் ஏன் என்று ஒருமுறை கேள். ஒன்பது முறை வேண்டாம், ஒருமுறை. நான் இங்கிலாந்து வரை போய்க் கற்றுக்கொண்டது உலோகத்தைப் பார்க்க மட்டும்தான்.

இனி நான் செய்த ஏற்பாடுகள். திங்கட்கிழமை காரின் சாலை வரி வில்லையை ஒப்படைத்துவிட்டேன். வெட்டி ஒட்டிய வண்டியைப் பதினெட்டு ஆண்டுகள் ஓட்டியவன் நான் என்று மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, இதை நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்றார். விசாரணை வரலாம்; வரட்டும். மாமாவுக்கு அழைப்பிதழை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. “அத்தான், உள்ள வந்து திட்டுங்க, பக்கத்து வீட்டுல கேக்கும்” என்றார். திட்டவில்லை. வண்டி உன் திருமணத்துக்குத் தயாராகாது. நாம் எல்லோரும் வாடகை வண்டியில் போவோம்.

ஒரிஜினலாகச் சீரமைக்க வேண்டாம் என்று ரெங்கசாமியிடம் சொல்லிவிட்டேன். எந்த ஒரிஜினல்? முன்பாதியினுடையதா, பின்பாதியினுடையதா? உன் இரண்டு எஃகு விட்டங்களும் அப்படியே இருக்கும். அவற்றின் மேல் நீ சொன்ன புதுத் தரையைக் கட்டலாம். டிஸ்க் பிரேக் வைக்கலாம். ஜப்பான் என்ஜினைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு முறை என்னோடு வாதாடு. நான் தோற்கத் தயாராக இருக்கிறேன், ஆனால் வாதாடாமல் தோற்க மாட்டேன்.

நேற்று உன் அம்மாவைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். அந்தக் கோட்டை அவள் இதுவரை கண்ணால் பார்த்ததே இல்லையாம். குனிந்து பார்த்தாள். உன் வெல்டிங்கைத் தொட்டுப் பார்த்தாள். ரெங்கசாமி முன் இருக்கைகளை மட்டும் திரும்பப் பொருத்தியிருந்தார். நான் ஏறி ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, பழக்கத்தில் இருக்கையை மடிக்கப் போனாள். பின்னால் இருக்கை இல்லை. ஒரு கணம் நின்றுவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ஜின் இல்லாத வண்டி, முட்டுகளின் மேல். “இங்கேருந்து பார்த்தா ரோடு நல்லாத் தெரியுதே” என்றாள். எதிரில் இருந்தது பட்டறைச் சுவர்.

அமைப்பு மாற்றத்துக்கான அனுமதிப் படிவத்தை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். வேலை செய்பவர் என்ற இடத்தில் உன் பெயர். முடிந்ததும் சோதனை செய்யப் போவது நான் அல்ல; சொந்த வண்டியைச் சோதிக்க எனக்கு அதிகாரம் இல்லை, இனி அந்தத் தகுதியும் இல்லை. மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில்தான் தடுமாறினேன். தெளிவில்லாத காரணம் எழுதியவர்களின் படிவங்களை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்! மூன்று தாள்களைக் கிழித்துவிட்டு, நான்காவதில் எழுதினேன்: ‘உரிமையாளர் பார்க்கவில்லை. அவருடைய மகன் பார்த்தான்.’

கீழே உன் கையெழுத்து வேண்டும். தபாலில் அனுப்பாதே. நேரில் வா.

அப்பா